ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரம்

நியூ ஜெர்சியில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் எனக்கு முன்பே ஒரு தமிழர் இருந்தார். ஈரோட்டுப் பக்கம். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அம்மணி என்பார். இருவருக்குமே மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் முதல் வாரமே சண்டை போட்டு, இரண்டாம் வாரமே ராசியாகிவிட்டோம்.

ராகு காலம் என்ற சொல்லைக் கேட்டால் போதும், அவருக்குச் சாமி வந்துவிடும். சாமியே இல்லை என்பவருக்குச் சாமி வருவதை நான் அங்கேதான் பார்த்தேன். நம்மவர்கள் நிறைந்த பக்கத்து ஊரான எடிசனில் ஒரு குழந்தையின் பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேக் என்று ஊரையே கூப்பிட்டுவிட்டு, ஆறு அடிக்கட்டும் என்று வீட்டுக்காரர்கள் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறந்தநாள் குழந்தை பசியில் வீறிட்டது. மற்றவை அதைப் பார்த்து வீறிட்டன. சார் எழுந்தார்.

"ராகுவுக்கு நியூ ஜெர்சி அட்ரஸ ஆருங்க குடுத்தது? அவனுக்கு விசா ஸ்டாம்ப் ஆயிருச்சுங்களா? கொழந்தைங்க அழுவுதுங்க, மெழுகுவத்தியப் பத்த வெய்யுங்க மொதல்ல!"

யாரும் பற்ற வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எடிசன் வட்டாரத்தில் அவர் வருகிறார் என்றால், பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் அவரவர் பஞ்சாங்கத்தை ஒளித்து வைத்தார்கள். அவருடைய மனைவியும் மகளும் டெக்சாஸில், இர்விங்கில் இருந்தார்கள். அந்த அக்காவுக்கு அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஆராய்ச்சிக்கு அரசாங்கம் எப்போது கையை விரிக்கும் என்று சொல்ல முடியாத காலம் அது. ஒரு சம்பளமாவது ஆடாமல் இருக்கட்டும் என்று அவர்கள் இப்படிப் பிரிந்து இருந்தார்கள். அந்த அக்காவை அப்போது நான் பார்த்ததில்லை.

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். மூன்று மாடி உயரத்துக்கு ஓர் இயந்திரம். அதன் நடுவே மெதுவடை வடிவத்தில் காற்றெல்லாம் உறிஞ்சப்பட்ட ஒரு கூடு. அதற்குள் துளி வாயுவை விட்டு, சூரியனின் நடுவயிற்றைவிடச் சூடாக்குவோம். அப்படிச் சூடானதைப் பிளாஸ்மா என்போம். அந்தச் சூட்டில் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று ஒட்டும், ஒட்டும்போது சக்தி வெளிவரும், அதிலிருந்து ஒருநாள் ஊருக்கெல்லாம் மின்சாரம் எடுக்கலாம். அந்த ஒருநாள் எந்த நாள் என்று மட்டும் எங்களைக் கேட்கக் கூடாது. என் அப்பா ஒவ்வொரு தடவை ஃபோனிலும் கேட்டார், நானும் ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டாச்சா என்று பேச்சை மாற்றினேன்.

அவ்வளவு சூட்டை எப்படி அளப்பது? தெர்மாமீட்டரை வைத்தால் தெர்மாமீட்டரும் மிஞ்சாது, வைத்தவரின் வேலையும் மிஞ்சாது. ஆகவே கூட்டின் பக்கத்தில் உள்ள சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக லேசர் ஒளியை உள்ளே அனுப்பி, சிதறி வரும் துளி வெளிச்சத்தைப் பிடித்து, அதிலிருந்து உள்ளே என்ன சூடு என்று கணக்குப் போடுவோம். தொடாமல் தெரிந்துகொள்வதுதான் எங்கள் பிழைப்பு. சாருடைய கருவி இதைத்தான் செய்தது. பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கருவியையும் அந்த ஜன்னலையும் அவர் கட்டிக்காத்து வந்தார். கண்ணாடியைத் துடைக்கக்கூட வேறொருவரை விடமாட்டார்.

நான் சேர்ந்த அடுத்த வருஷம், அஞ்சியது நடந்தது. இயந்திரத்தை மூடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. மூடுவதற்கு முன் கடைசியாகச் சில மாதப் பரிசோதனைகள். அதற்குப் புதிதாக ஒரு சூடேற்றும் சாதனத்தைப் பொருத்த வேண்டும், அதற்கு ஒரு ஜன்னல் வேண்டும். இருக்கிற ஜன்னல்களில் யாருடையதைப் பிடுங்குவது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். ஜன்னல் போனால் கருவி போகும். இயந்திரத்தின் கடைசி ஓட்டங்களை, நாங்கள் ஷாட் என்பவற்றை, பார்க்காமலே சார் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒருநாள் எங்கள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகிவிடுகிற ரகம். மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். கருவி சரியாகத்தான் அளக்கிறதா என்று நாங்கள் அடிக்கடி சோதித்துப் பார்ப்போம். அதற்குக் கேலிப்ரேஷன் என்று பெயர். இயந்திரம் ஓடாத நாட்களில் சார் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதைத்தான் செய்துகொண்டிருப்பார். அவர் எந்தக் கிழமை, எந்த நேரத்தில் அதைச் செய்தார் என்று கமிட்டியில் ஒரு தாடிக்காரர் புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறார். புள்ளிகளுக்கு நடுவே ஓட்டை. தினமும் ஒன்றரை மணி நேரம் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த ஓட்டை கிழமைக்குக் கிழமை இடம் மாறியது.

அந்த நேரத்தில் கருவி கோளாறு செய்கிறது, அது தெரிந்தே அவர் அந்த அளவுகளை மறைக்கிறார் என்பது தாடிக்காரரின் சந்தேகம். தலைவர் மெதுவான குரலில் சொன்னார்: கமிட்டி கூடுவதற்குள் இந்த ஓட்டைக்குக் காரணம் தெரியாவிட்டால், ஜன்னல் போய்விடும். சாரைக் கேட்டதற்கு, அப்போது வேறு வேலை இருந்தது என்று எரிந்து விழுந்தாராம். அவருடைய குழுவில் இருப்பவள் நான். கண்டுபிடி என்றார்.

அளவை மறைத்தவர் என்று ஒரு விஞ்ஞானியைச் சொல்வது லேசான பேச்சா? நானும் போய்க் கேட்டேன்.

"அம்மணி, உங்களுக்கு வேற வேல இல்லீங்களா?" என்றார் சார்.

வேறு வேலை இல்லைதான். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஒருவர் மின்சார வோல்டேஜ் ஆடுகிறது என்றார். ஒருவர் குளிர்விக்கும் பம்ப் என்றார். இன்னொருவர் பக்கத்தில் போகிற ரயிலின் அதிர்வு என்றார். ஒவ்வொன்றின் பின்னாலும் நான் நாய் மாதிரி அலைந்தேன். ரயில் கால அட்டவணையைக்கூட வாங்கி வைத்துப் பார்த்தேன். ரயில் தினமும் ஒரே நேரத்துக்கு வருகிறது, ஓட்டைதான் ஊர் சுற்றுகிறது. திங்கட்கிழமை காலையில் வேலை தொடங்கியதுமே ஓட்டை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். புதன் மதியம். வியாழன் அதற்கும் கொஞ்சம் பின்னால். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டை ஒட்டி. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புரிந்தது என் அபார்ட்மென்ட் சமையலறையில். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் எடிசன் மளிகைக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கியது. ஊரில் இருந்து வந்த பெண் ஆயிற்றே, தாளைக் கிழிப்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம். அன்றைக்குக் கிழித்தபோது கீழே சின்ன எழுத்தில் கண் போனது. ராகு காலம். அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தேன். அதற்கடுத்தது. அட கடவுளே! திங்கள் காலை, செவ்வாய் சாயங்காலம், புதன் மதியம், அதே வரிசை! ஒரு வாரம் முழுக்க அப்படியே ஓட்டையின் ஜாதகம். நான் தரையில் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சிரித்தேன். மெழுகுவர்த்தியைப் பற்ற வை என்று ஊரைக் கூட்டிக் கத்தியவர், லேசரைப் பற்ற வைக்க ராகு காலம் பார்க்கிறார்!

சிரித்து முடித்துவிட்டு நேரங்களை ஒப்பிட்டேன். அங்கே இடித்தது. காலண்டரில் வெள்ளிக்கிழமை பத்தரைக்குத் தொடங்குகிறது, ஓட்டை பதினொன்றரைக்குத் தொடங்குகிறது. எல்லாக் கிழமையும் சரியாக ஒரு மணி நேரம் தள்ளி. சரி, கோடையில் இந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பிவைக்கிறார்களே, மனிதர் விஞ்ஞானி அல்லவா, சூரியனுக்குச் சரியாக ராகுவையும் நகர்த்தியிருப்பார் என்று நினைத்தேன். அந்தக் கோணமும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் குளிர்கால அளவுகளை எடுத்துப் பார்த்தால், கடிகாரத்தைத் திரும்பப் பின்னால் வைத்த பிறகும் ஓட்டை அதே இடத்தில் நின்றது. டிசம்பரிலும் ஒரு மணி நேரம் தள்ளித்தான். ராகு காலம் பார்ப்பவர் ராகு காலம் முடிகிற நேரத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இன்னும் ஒரு மணி நேரம் ஏன் காத்திருக்க வேண்டும்? போதாக்குறைக்கு ராகு காலத்தின் முதல் ஒரு மணி நேரம் ஜோராக வேலை செய்திருக்கிறார். இப்படி அரைகுறையாக ராகு காலம் பார்க்கும் ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மறுநாள் அவர் அறைக்குப் போனேன். அவர் இல்லை. காத்திருந்தேன். அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. அது எப்போதும் ஒரு மணி நேரம் பின்தங்கித்தான் ஓடும். பேட்டரியை மாற்றுங்கள் சார் என்று போகிறவர் வருகிறவர் எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "அது சரியாத்தான் ஓடுது" என்பார், வெடுக்கென்று. கவனிக்காத ஆள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். கண்ணாடியில் ஒரு தூசு இருந்தால் துடிக்கிறவர், கடிகாரம் தப்பாக ஓடுவதை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டு இருப்பாரா? எனக்கு அப்போதுதான் உறைத்தது. நியூ ஜெர்சிக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருப்பது டெக்சாஸ்.

சார் உள்ளே வந்தார். நான் கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருக்க வேண்டும்.

"சார், நீங்க ராகு காலம் பாக்கறீங்களா?"

"ஆரு, நானா? அம்மணி, வாயக் கழுவுங்க மொதல்ல!"

"பின்ன இது என்ன சார்?" என்று வரைபடத்தையும் காலண்டர் தாள்களையும் மேசையில் வைத்தேன். "எல்லாக் கிழமையும் கரெக்டா மேட்ச் ஆகுது. ஒரு மணி நேரம் தள்ளி. இது டெக்சாஸ் ராகு காலம்."

தாளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரே போய்க் கதவைச் சாத்தினார்.

"நான் பாக்கறதில்லீங்க. அவ பாக்கறா."

விஷயம் இதுதான். அந்த அக்கா ராகு காலத்தில் புதிதாக எதையும் தொடங்கமாட்டார். வீட்டில் மட்டுமல்ல, ஆபீஸிலும். "ஒரு புது ஃபைல் ஓப்பன் பண்ண மாட்டாளுங்க. மீட்டிங்னா, பாத்ரூம் போறேன்னு எந்திரிச்சுப் போயிருவா. ஆனா சும்மா உக்காந்திருக்கவும் அவளுக்கு வராது. அதான் அப்ப எனக்கு ஃபோன் பண்ணுவா. மத்த நேரம் அவளுக்கு எங்கீங்க ஒழியுது? சாயங்காலமானா பொண்ணுக்கு டான்ஸ் கிளாஸு, சமையலு, அப்புறம் தூங்கிருவா. எங்களுக்குன்னு இருக்கறது அந்த நேரம் ஒண்ணுதான்."

"ஃபோன்ல பேசறது மட்டும் புதுக் காரியம் இல்லையா?"

"அதையும் கேட்டனுங்க. கல்யாணமானதுல இருந்து அதே பேச்சத்தான பேசறோம், இதுல புதுசா என்ன இருக்குதுன்னுட்டா."

ஒரு கேலிப்ரேஷனுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். லேசரைத் திறந்துவிட்டால் நடுவில் எழுந்து ஓட முடியாது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஃபோன் எப்போது வரும் என்றும் தெரியாது. ஆகவே அந்த நேரத்தில் எதையும் ஆரம்பிப்பதில்லை என்றார்.

"அதாவது சார், ராகு காலத்துல நீங்க புதுசா எதையும் தொடங்கறதில்ல."

அவர் என்னை முறைத்த முறைப்பில் பிளாஸ்மாவே பற்றிக்கொண்டிருக்கும். நான் சிரிப்பை அடக்கினேன். அடக்கிய கையோடு சுவரை நிமிர்ந்து பார்த்தேன். எத்தனை வருஷமாக அந்த மனிதர் தப்பாக ஓடுகிற கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, அடிக்காத ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்!

"இத அப்படியே கமிட்டில சொல்லிடலாமே சார்?"

"சொன்னீங்கன்னா நான் ரிசைன் பண்ணிட்டுப் போயிருவனுங்க. எடிசன் கூட்டத்துக்குத் தெரிஞ்சா நான் தலைகாட்ட முடியுங்களா? சத்தியம் பண்ணுங்க."

சாமி இல்லாதவருக்கு எதன் மேல் சத்தியம் செய்வது? லேசர் மேல் செய்தேன். காரணத்தை விடுங்கள், ஓட்டையை அடைத்துவிடுவோம் என்றும் சொன்னேன். ஒரு வாரம் அந்த நேரத்திலும் கேலிப்ரேஷன் செய்து, கருவி அப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று காட்டிவிட்டால் தாடிக்காரர் என்ன சொல்ல முடியும்? அரை மனதாக ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றதற்குத் தலையை ஆட்டினார். சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று அக்கா கேட்பார், இயந்திரத்தை மூடப்போவதைச் சொல்ல வேண்டிவரும். அதை அவர் இன்னும் வீட்டில் சொல்லவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் சாரும் டெக்னீஷியனும் லேசர் அறைக்குள் போனார்கள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. நான் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். சாருடைய அறையில் ஃபோன் அடித்தது. ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்காமல் இருக்கத்தான் நினைத்தேன், என்ன செய்ய, அந்த மணிச்சத்தத்தில் ஒரு பதற்றம் இருந்தது. ஓடிப்போய் எடுத்தேன். நான் யார் என்று சொன்னேன்.

"நீயா கண்ணு? உன்னப் பத்தி சொல்லியிருக்காரு. அவரு எங்க? ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"நல்லா இருக்காருக்கா. லேசர் ரூம்ல இருக்காரு."

"இப்பவா? இந்நேரத்துலயா தொடங்குனாரு?"

என் மூளை அன்றைக்கு ஓடிய வேகத்தில் என்றைக்கும் ஓடியதில்லை. "இப்ப தொடங்கலக்கா. அதுக்கு முன்னாடியே தொடங்கினதுதான். இப்ப சும்மா கன்டினியூ பண்றாரு."

"அப்படியா? அப்பச் சரி" என்று மூச்சுவிட்டார். முன்னாடியே தொடங்கிவிட்டால் ராகு ஒன்றும் செய்யமாட்டான், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"கண்ணு, அந்த மெசின மூடப் போறாங்களாமே? பேப்பர்ல படிச்சேன். எங்கிட்ட மனுசன் மூச்சு விடல. தெனமும் பேசறோம். ரசம் வெச்சியா, பொண்ணு படிச்சாளான்னு கேக்கறாரே தவிர, இதப் பத்தி ஒரு வார்த்த இல்ல. நானும் கேக்கல. கேட்டா ஒடஞ்சிருவாருன்னு பயம்."

நான் இதுவரை நடந்ததை எல்லாம் சொன்னேன். சத்தியம் கமிட்டிக்குத்தான், அக்காவுக்கு இல்லை என்று வைத்துக்கொண்டேன். ஓட்டைக்குக் காரணம் அக்காவின் ஃபோன்தான் என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

"ஜன்னல் போயிருமா?"

"தெரியலக்கா."

"போயிருச்சுன்னா ஒடனே எனக்குச் சொல்லு. ராகு காலமா இருந்தாலும் பரவால்ல, ஃப்ளைட் ஏறிருவேன்."

ரிசீவரை வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழுதேன். டெக்னீஷியன் வெளியே வந்து என்ன ஆயிற்று என்றபோது, வெங்காயம் என்றேன். லேசர் கூடத்தில் வெங்காயம் ஏது என்று அந்த வெள்ளைக்காரர் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

கமிட்டி கூடியது. நீள மேசை, எல்லாரும் காப்பிக் கோப்பையோடு. நான் எழுந்து, ஓட்டை இருந்த இடமெல்லாம் புள்ளிகளால் நிரம்பிய புது வரைபடத்தைக் காட்டினேன். கருவி இம்மியும் பிசகவில்லை. தலைவர் முகம் மலர்ந்தது. தாடிக்காரர் மட்டும் தாடியைத் தடவினார். இந்த வாரம் சரி. போன வருஷங்களில் ஏன் அந்த நேரத்தைத் தவிர்த்தார்? காரணம் தெரியாமல் பழைய அளவுகளை எப்படி நம்புவது? என்னைப் பார்த்துக் கேட்டார்: காரணம் உனக்குத் தெரியுமா?

தெரியும் என்றால் சத்தியம் போகும். தெரியாது என்றால் ஜன்னல் போகும். சாரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடிக்காரர் பேனாவைத் திறந்தார்.

சார் எழுந்தார்.

அந்த நேரத்தில் என் மனைவி ஃபோன் செய்வாள் என்றார் ஆங்கிலத்தில்.

தினமுமா என்றார் தாடிக்காரர். தினமும். ஏன் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு நேரம்? அங்கேதான் மாட்டிக்கொண்டார் மனிதர். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போய், அமெரிக்கப் பௌதிக விஞ்ஞானிகள் கூட்டத்துக்கு ராகு காலம் விளக்கினார். வாழ்நாள் முழுக்க அதைத் திட்டியவர், கிழமை போட்டு, கட்டம் போட்டு, நேரம் எழுதினார். அவர்கள் விட்டார்களா? இது சூரிய உதயத்தைப் பொறுத்ததா என்று ஒருவர். அட்சரேகை மாறினால் என்ன ஆகும் என்று இன்னொருவர். இர்விங்கில் சூரியன் சரியாக ஆறு மணிக்கு உதிப்பதில்லையே, திருத்தம் உண்டா என்று மூன்றாமவர். எல்லாவற்றுக்கும் சார் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தலைவர் மெதுவாகக் கேட்டார்: இதை நீங்கள் நம்புகிறீர்களா?

"நம்பவில்லை. அந்த நம்பிக்கை அவளுடையது. ஆனால் அந்த நேரம் எங்கள் இருவருடையது. அதற்காக இந்த ஜன்னல் போகுமென்றால் போகட்டும்."

உட்கார்ந்துவிட்டார். தாடிக்காரர் பேனாவை மூடினார். எழுந்து கரும்பலகைக்குப் போய்ச் சாரின் கட்டத்தையும், தன் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தன் அனுபவத்தில் ஒரு பிழைக்கு இத்தனை சுத்தமான விளக்கத்தைக் கேட்டதில்லை என்றார். அத்தோடு நிற்காமல், இன்றைக்குப் புதன்கிழமை அல்லவா, அப்படியானால் உங்கள் மனைவி இப்போது காத்திருப்பாரே என்றார். சார் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலி கவிழ்ந்தது. அவர் ஓடிய ஓட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

ஜன்னல் நிலைத்தது. வேறு யாருடையதோ போனது, அது அவர்கள் கதை. கடைசி ஷாட் வரை சாருடைய கருவிதான் சூட்டைச் சொன்னது. விஷயம் எப்படியோ கசிந்து எடிசன் போய்ச் சேர்ந்தது. அடுத்த விருந்தில், "சார், டெக்சாஸ்ல முடிஞ்சிருச்சா? இலை போடலாமா?" என்று கேட்டார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. பாயசம் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இயந்திரத்தை மூடிய அன்று பெரிய சத்தமெல்லாம் இல்லை. யாரோ ஒரு ஸ்விட்சைத் தட்டினார்கள், பம்ப்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சார் தன் ஜன்னலைத் தானே துடைத்து, மூடி போட்டு, போல்ட்டை இறுக்கினார். பிறகு அறைக்குப் போய், சுவர்க் கடிகாரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "எனக்கு இனி எதுக்குங்க?" என்றார். இர்விங்குக்கே போய்விட்டார். அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது.

நான் மேற்கே, டெக்சாஸுக்கும் இரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிற கரைக்குப் போனேன். மில்பிடாஸில் சிப் தயாரிக்கும் இயந்திரங்கள் செய்கிற ஒரு கம்பெனி. சிப்பின் மேல் நுண்ணிய கோடுகளைச் செதுக்க அவர்களுக்கும் பிளாஸ்மாதான் வேண்டும், அதை அளக்க என்னைப் போன்றவர்களும் வேண்டும். எங்கள் பழைய பிளாஸ்மாவோடு ஒப்பிட்டால் இது வெதுவெதுப்பு. போய்ச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை, விடியவேயில்லை, ஃபோன் அலறியது. ஊரில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

"என்ன கண்ணு, தூங்கறியா? எங்களுக்கு இப்பத்தான் ராகு காலம் தொடங்குச்சு. வீட்ட விட்டுக் கெளம்ப முடியாது. அதான்."

"அக்கா, சார்தான் இப்ப வீட்டுலயே இருக்காரே. அவர்கிட்ட பேசலாமே?"

"எங்க பேசறாரு? ஃபோன்லன்னா நல்லா பேசுவாரு. நேர்ல பாத்தா பேப்பரத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கறாரு. மத்த நாள்ல நான் ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டா, கிளாஸ்ல இருக்காரு. இனிமே நீதான்."

பின்னால் சாருடைய குரல் கேட்டது. "அம்மணிகிட்டக் கேளு, அங்க பிளாஸ்மா டெம்பரேச்சர் எவ்வளவுன்னு."

சொன்னேன். அக்கா அப்படியே ஒப்பித்தார். "அது வெறும் ஜொரம்னு சொல்லு, ஒரு கஷாயம் வெச்சுக் குடிக்கச் சொல்லு" என்றது குரல். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அந்த மூன்று மாடி இயந்திரத்தின் ஞாபகம் வந்து பொல்லாத ஏக்கமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், அவர் சொல்லமாட்டார். அடுத்த திங்கட்கிழமையும் அதே கேள்வியைக் கேட்டார்.

அதன் பிறகு ஆபீஸிலும் அக்காவின் ஃபோன் வர ஆரம்பித்தது. செவ்வாய் ஒரு நேரம், வெள்ளி ஒரு நேரம். ஒரு வருஷம் போயிருக்கும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு சீனப் பெண், கெட்டிக்காரி, தயங்கித் தயங்கி என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு வரைபடம். என் கேலிப்ரேஷன்களில் ஓர் ஓட்டை இருக்கிறதாம், கிழமைக்குக் கிழமை இடம் மாறுகிறதாம், கருவியில் ஏதாவது கோளாறா என்று கேட்டாள். பேசிக்கொண்டே சுவரை நிமிர்ந்து பார்த்தாள். உங்கள் கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, பேட்டரி மாற்றித் தரட்டுமா என்றாள்.

அது சரியாகத்தான் ஓடுகிறது என்றேன், வெடுக்கென்று. ஃபோன் அடித்தது.